நிழலுக்கு மூடாத சிப்பிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கமுதிப் பக்கத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். துபாய் ஜெபல் அலி வெயிலில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு மனுஷங்களுக்குப் பயப்படவே நேரம் போதாது. அதனால் நான் சொல்வதைக் குழந்தைகளைத் தூங்கவைக்கிற கதை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்களுடையது சிப்பிக் கம்பெனி. முத்துச் சிப்பி இல்லை, தின்கிற சிப்பி. துபாயின் பெரிய ஹோட்டல்களில் அதை உயிரோடு தட்டில் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஓட்டோடு வாயில் சாய்த்து உறிஞ்சுவார்கள். கண்றாவி. ஆனால் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது, குறை சொல்லக்கூடாது. அந்தச் சிப்பிக்குப் பூர்வீகம் ஜப்பான். பிரான்சுக்காரன் கொண்டுபோய்த் தன் கடலில் வளர்த்தான். அங்கிருந்து ஐஸ் பெட்டியில் பிளேன் ஏறி எங்களிடம் வரும். வந்த களைப்புத் தீர, குளிர வைத்த கடல்தண்ணீர்த் தொட்டியில் போட்டுத் தேற்றி, ஹோட்டல்களுக்கு அனுப்புவோம். பொடிசுகளைத் தனித் தொட்டியில் போட்டு வளர்த்தும் பார்த்தோம்.

மேனேஜர் ரவிசங்கர் சார் சென்னைக்காரர், கடல் படிப்புப் படித்தவர். அவருக்குச் சத்தம் போட வராது. அவர் போடாத சத்தத்தையும் சேர்த்து நான் போடுவேன். நான்தான் ஷெட்டுக்கு சூப்பர்வைசர், பெயர் சோலைமுத்து. சார் எங்களுக்குப் போட்டிருந்த கண்டிப்பான சட்டம் ஒன்றே ஒன்று. கிளவுஸ் போடாமல் எவனும் சிப்பியைத் தொடக்கூடாது. ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கீறினால் உடனே வந்து சொல்ல வேண்டும்.

சிப்பிக்குக் கண் கிடையாது. ஆனால் மேலே நிழல் விழுந்தால் அதற்குத் தெரிந்துவிடும். எதுவோ தின்ன வருகிறது என்று நினைத்துப் பட்டென்று மூடிக்கொள்ளும். எங்கள் ஷெட் வாசலுக்கு மேலே பெரிய விளக்கு ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தால் நம் நிழல் நமக்கு முன்னால் தொட்டிகள் மேல் விழும். நடக்க நடக்க டக், டக், டக்கென்று வரிசையாக மூடிக்கொண்டே போகும். யாரோ விரலைச் சொடுக்கிக்கொண்டு நமக்கு முன்னால் நடப்பது மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் பயந்துவிட்டு, மறுநாள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் காதிலேயே விழாது.

அந்தச் சத்தம் இல்லாமல் போனதுதான் எங்கள் காதில் விழுந்தது.

பாண்டித்துரை அபிராமத்துக்காரன். ரெண்டாயிரத்து ஆறில், வெயில் ஏற ஆரம்பித்த நேரத்தில் வேறொரு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தான். ஒல்லியாக, எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற ஆள். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், அதில் பொண்டாட்டியோடு இருந்தது சில மாசம்தான். 'நாகவள்ளி சொன்னா', 'நாகவள்ளிக்குப் பிடிக்காது' என்று வாய்க்கு வாய் அவள் பெயர்தான். வேலையில் சுத்தம். அவனைப் பற்றி நான் சொல்கிற குறை, வாய் மூடாது என்பது மட்டும்தான்.

ஒரு நாள் நான் குனிந்து ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஷெட் பையன் சுரேஷ்குமார் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் பாண்டித்துரை என் தலைக்கு மேலே நிற்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டா, பூனை மாதிரியா வருவ? சத்தம் குடுத்துட்டு வரக்கூடாது?" என்றேன்.

"பாட்டுப் பாடிக்கிட்டுத்தானண்ணே வந்தேன்" என்றான்.

பாடிக்கொண்டுதான் வந்திருக்கிறான். வேலை மும்முரத்தில் எனக்குப் பாட்டுக் காதில் ஏறவில்லை, யார் வந்தாலும் வருகிற டக், டக் சத்தமும் வரவில்லை. அவன் நகர்ந்ததும் சுரேஷ்குமார் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, நானும் ஒரு வாரமா பாக்குறேன். இவன் வந்தா சிப்பி மூட மாட்டேங்குது."

"போடா கிறுக்கா" என்றேன். ஆனால் தொட்டியைப் பார்த்தேன். பாண்டித்துரை விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் நிழல் தண்ணீர் மேல் கறுப்பாகப் படுத்திருந்தது. அதன் கீழே அத்தனை சிப்பியும் ஆவென்று திறந்திருந்தன. செத்த சிப்பிதான் அப்படித் திறந்து கிடக்கும், மூடாது. எல்லாம் செத்துப்போச்சோ என்று பதறிப்போய் நான் கையை நீட்டினேன். என் கை நிழல் பட்ட இடத்தில் டக், டக்கென்று மூடின. எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

எனக்கு எதையும் பாதியில் விடப் பிடிக்காது. அவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கவைத்தேன். ரெண்டு பேர் நிழலும் ஒரே தொட்டியில் விழுந்தன. என் நிழல் விழுந்த பக்கம் மூடிக்கொண்டது. அவன் பக்கம் திறந்தே கிடந்தது. நான் குட்டை, அவன் நெட்டை. திறந்து கிடந்த சிப்பிகளைப் பார்த்தால் எது அவன் தோள், எது அவன் தலை என்று சொல்லிவிடலாம். என் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டுப் பார்த்தேன். அவன் தொப்பியை சுரேஷுக்கு மாட்டிவிட்டுப் பார்த்தேன். சுரேஷுக்கு மூடின. பாண்டித்துரைக்கு மூடவில்லை.

"என்னண்ணே வெளையாட்டு இது?" என்று அவன் சிரித்தான். அன்றைக்கு அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ரவிசங்கர் சாரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "தினமும் தீனி போடுறது பாண்டித்துரைதானே? அவர் நிழலுக்குப் பழகியிருக்கும்" என்றார். அப்பாடா என்று இருந்தது. படித்த மனுஷன் ஒரு காரணம் சொன்னால் அதற்கு மேல் நமக்கு என்ன வேலை? ஆனால் சுரேஷ்குமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கு பஸ் போய்ச் சேருவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பேய்க்கு நிழல் விழாது. சாகப்போகிறவனுக்கு நிழலில் தலை தெரியாது. பாண்டித்துரைக்கு நிழல் இருந்தது, தலையோடுதான் இருந்தது. அதையெல்லாம் எவன் யோசிக்கிறான்? 'மனுஷன் கண்ணுக்குத் தெரியிறது வேற, அந்த ஜீவனுக்குத் தெரியிறது வேற' என்று ஒருத்தன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். கத்தி என்ன புண்ணியம்?

அவனை யாராவது ஒதுக்கியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். ஒதுக்கவில்லை. எல்லாரும் அவனிடம் அன்பாகிவிட்டார்கள். குளியலறையில் வரிசையில் நின்றால், "நீ மொதல்ல போ பாண்டி" என்று வழிவிட்டார்கள். கட்டில் சண்டையில் அவனிடம் மாசக்கணக்கில் பேசாத ஒருத்தன் தானாக வந்து, மேல்கட்டில் புழுக்கமாக இருக்கும் என்று தன் கீழ்க்கட்டிலைக் கொடுத்தான். மெஸ்ஸில் கறிக்குழம்பு போடுகிற நாளில் சமையல்காரர் கலீலுர் ரஹ்மான் பாய் அவன் தட்டில் மட்டும் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வைத்தார். கீழக்கரைக்காரர், கரண்டியைக் கணக்குப் பார்த்துச் சாய்க்கிற மனுஷர் அவர். நானெல்லாம் வருஷக்கணக்கில் அவர் கையால் சாப்பிட்டும் ஒரு நல்ல துண்டு கண்டதில்லை.

அப்புறம்தான் பார்சல் ஆரம்பித்தது.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருத்தன் லீவில் ஊருக்குப் போகிறான் என்றால் மொத்த ரூமும் அவன் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடும். என் வீட்டுக்கு ரெண்டு சோப்பு, என் அம்மாவுக்குக் கோடாலித் தைலம், என் மகனுக்குப் பேனா, ஒரு கம்பளி என்று திணிப்பார்கள். எடை கூடிப்போச்சு என்று போகிறவன் கத்துவான். கத்திக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வான். மறுக்க முடியாது, நாளைக்கு அவனும் கொடுத்துவிட வேண்டியவன்தானே. போகிறவன் சும்மா போகக்கூடாது. அது எங்களுக்குள் ஒரு சட்டம்.

ஒரு மத்தியானம் பாண்டித்துரை என்னிடம் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, கலீல் பாய் என்னையத் தனியாக் கூப்ட்டாரு."

"எதுக்கு? இன்னொரு துண்டு கறி வைக்கவா?"

"இல்லண்ணே. 'தம்பி, நீ எங்க உம்மாவப் பாத்தா, ரஹீமா பீவிண்டு கேட்டா எல்லாரும் காட்டுவாங்க, காது கேக்குற மெஷினு வாங்கி வச்சிருந்தேன், மௌத்துக்குத்தான் வர முடியலண்டு சொல்லு'ண்டு சொல்லிக் கையப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாரு. அவுக உம்மா செத்து ரெண்டு வருசமாச்சாம்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவரு மட்டும் இல்லண்ணே. சுரேஷு அவுக அப்பாவுக்குச் சொல்லிவிட்டான். ஏழாம் நம்பர் ரூம்ல ஒருத்தன், எனக்குப் பேருகூடத் தெரியாது, செத்துப்போன அவன் கூட்டாளிக்குச் சொல்லிவிட்டான். எனக்கு லீவே இல்ல. அதுக்குள்ள எல்லாரும் பார்சல் குடுக்குறாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மெஸ்ஸில் நின்றுகொண்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கலீல் பாய் தலையைக் குனிந்துகொண்டார். சுரேஷ்குமாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நான் போன பிறகு இன்னும் ரெண்டு பேர் அவனிடம் போயிருக்கிறார்கள்.

எனக்கும் செத்தவர்கள் உண்டு. என் மூத்த மகள் பானுப்பிரியா ஏழு வயசில் காய்ச்சலில் போனாள். அப்போது நான் இங்கே இருந்தேன், டிக்கெட் கிடைத்து ஊர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதனால் அவர்கள் செய்தது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

பாண்டித்துரை நாகவள்ளியிடம் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. போன் கார்டு தேய்த்துத் தேய்த்து அத்தனையும் சொல்லிவிட்டான். அவள் முனியசாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டாள். அப்புறம் போன் பேசும்போதெல்லாம் சாப்பிட்டீகளா என்று கேட்பதற்கு முன்னால், "மூடுச்சா?" என்றுதான் கேட்பாளாம். இல்லை என்று சொல்ல வாய் வராமல் இவன், "இன்னைக்கிப் பாக்கல" என்பானாம்.

ஆள் இளைத்துப்போனான். தொட்டி தொட்டியாகப் போய்க் குனிந்து நிற்பான். கையை ஆட்டுவான், தொப்பியை ஆட்டுவான், அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிழல் போடுவான். அவன் பிடித்தால் அட்டைப்பெட்டிக்கும் மூடாது. அதே பெட்டியை நான் வாங்கிப் பிடித்தால் மூடும்.

சார் சொன்ன காரணம் ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். தீனி போடுகிறவன், அதனால் பழகிவிட்டது. அப்படியானால் இவன் கையால் தீனி தின்னாத சிப்பியிடம் கூட்டிப்போனால் மூடத்தானே வேண்டும்? அந்த மாதிரிச் சிப்பி பக்கத்திலேயே இருந்தது. எங்கள் ஷெட்டின் கழிவுத் தண்ணீர்க் குழாய் ஒரு கல் கரையில் போய் விழும். அந்தக் கற்களில் எங்கள் சிப்பியின் குஞ்சுகள் எப்படியோ ஒட்டிக்கொண்டு தானாக வளர்ந்துவிட்டன. இந்தச் சூட்டில் அது உயிரோடு இருக்கவே கூடாது என்று சார் அடிக்கடி போய்ப் பார்த்துத் தலையைச் சொறிவார். யாரும் கொண்டுபோய் விடவில்லை, யாரும் தீனி போடவில்லை. கடல்தண்ணீர் கொதிக்கிற ஆகஸ்ட் மாசத்திலும் அவை பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை லீவு. காலையிலேயே அவனை அங்கே கூட்டிப்போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் மட்டும் நின்றன. காற்று செத்துக் கிடந்தது. முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் கற்கள் முழுக்கச் சிப்பி. கிண்ணம் கிண்ணமாகத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வெயில் எங்கள் முதுகில் அடித்தது. நான் முதலில் போனேன். என் நிழல் பட்டதும் கல் மொத்தமும் மூடிக்கொண்டது, மூடிய வேகத்தில் தண்ணீர் லேசாகச் சுழித்தது.

"பாத்தியா? இதுக நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கு. இப்ப நீ வா."

நான் விலகினேன். சிப்பிகள் மறுபடி திறக்கும்வரை காத்திருந்தோம். அவன் வந்து நின்றான். அவன் நிழல் தண்ணீரில் இறங்கியது.

ஒன்றுகூட மூடவில்லை.

சூரியன் போட்ட நிழல் அது, எங்கள் விளக்கு போட்டது இல்லை. அவன் கையை அசைத்தான், உட்கார்ந்தான், எழுந்தான். நிழல் அவற்றின் மேலே போய்ப் போய் வந்தது. வெள்ளை வெளேரென்று உள்சதை தெரிய அவை திறந்தே கிடந்தன. அப்போது எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் வராத பயம், கால் வழியாக ஏறி வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அவன் பின்னால் நின்றுகொண்டு என் கையை லேசாக நீட்டி ஒரு ஓரத்தில் நிழல் விழவைத்தேன். ஓரத்துச் சிப்பி நாலைந்து மூடின.

"மூடிருச்சு! அந்தா பாரு, மூடிருச்சுடா பாண்டி!"

அவன் திரும்பவேயில்லை.

"அண்ணே, அது உங்க கை" என்றான்.

திரும்பி நடந்தோம். கேம்ப் வாசலில் அவன் நின்று, "நான் இருக்கேன்லண்ணே?" என்று கேட்டான். "இருக்கடா, கல்லுக்குண்டு மாதிரி இருக்க" என்று முதுகில் ஓங்கி அடித்தேன். வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணவில்லை. எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ஒரு கூச்சல். ஷெட் கதவைத் தள்ளிக்கொண்டு பாண்டித்துரை ஓடிவந்தான். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு உள்ளங்கை அளவு சிப்பி ஒன்று தொங்கியது. மணிக்கட்டு வழியாக ரத்தம் ஒழுகி முழங்கையில் சொட்டியது.

"மூடிருச்சுண்ணே! எனக்கு மூடிருச்சு!"

கல் கரைக்குத்தான் போயிருக்கிறான். கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்து கிடந்த சிப்பிக்குள் விரலை விட்டிருக்கிறான். கவ்விக்கொண்டது. அதைக் கல்லிலிருந்து சுத்தியலால் பெயர்த்து, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். நான் கத்தியை விட்டு நெம்பிப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கு வலியே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சார்கிட்ட வா, ஊசி போடணும்."

"போடுவோம்ணே, எங்க ஓடிப்போகுது? மொதல்ல நாகவள்ளிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்."

சாருக்குத் தெரிந்தால் கிளவுஸ் போடாததற்குத் திட்டு விழும், கல் கரைக்கே போகக்கூடாது என்பார் என்று கூட நின்ற நாலு பேரும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணி சுற்றிக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலம் கேம்ப்பில் கல்யாண வீடு தோற்றது. கலீல் பாய் சேமியாப் பாயசம் வைத்தார். எல்லாரும் வரிசையாக வந்து அந்தக் கட்டுப் போட்ட விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். சுரேஷ்குமார் வெட்கத்தோடு, "பாண்டி, அப்பாவுக்குச் சொல்லச் சொன்னேன்ல, அத மறந்துரு" என்றான். ஏழாம் நம்பர் ரூம்காரனும் வந்து தன் பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "எடை கொறஞ்சிருச்சுடா, இப்பத்தான் பெட்டி லேசா இருக்கு" என்று பாண்டித்துரை சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நானும் ரெண்டு டம்ளர் பாயசம் குடித்தேன்.

மறுநாள் டியூட்டிக்கு அவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. துணியைப் பிரித்தால் கை முழங்கைவரை வீங்கி, தோல் கறுத்து, கொப்புளம் கொப்புளமாக நின்றது. சாருக்குப் போன் போட்டேன். அவர் பதறிக்கொண்டு காரில் வந்தார். கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. கதவைக்கூட ஒழுங்காகச் சாத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

சூடான கடல்தண்ணீரில் இருக்கிற கிருமியாம். சிப்பி வெட்டின காயம் வழியாக ரத்தத்தில் கலந்துவிட்டால் தீ மாதிரிப் பரவுமாம். மலையாளத்து நர்ஸ் எனக்குச் சொன்னாள். கையை எடுக்க வேண்டும் என்றார்கள், அப்புறம் எடுத்தும் பிரயோஜனமில்லை என்றார்கள். தொட்டித் தண்ணீர் குளிர்ந்தது, சுத்தமானது. தொட்டிச் சிப்பிக்குள் விரலை விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பானோ என்னவோ.

என்னை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்தான். என்னைத் தெரிந்தது.

"அண்ணே, எல்லாரும் பார்சல் குடுத்தாங்க. நீங்க மட்டும் குடுக்கல."

"பேசாமப் படு."

"பானுப் பிள்ளைக்கு ஏதும் சொல்லணுமாண்ணே?"

அப்பா ஓடித்தான் வந்தேன், பிளேன் கிடைக்கவில்லை தாயீ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், போ என்று இவனை நானே அனுப்பிவைப்பது மாதிரி ஆகிவிடும். எல்லாரும் அனுப்பிவிட்டார்கள், நானும் அனுப்பினால் இவனைப் பிடித்துவைக்க யார் இருக்கிறார்கள்?

"யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த வருசம் நீ லீவுல போறப்ப என் வீட்டுக்கு ஒரு பெரிய கம்பளி தர்றேன். எடை கூடுதுண்டு நீ கத்தக் கத்த உன் பெட்டியிலதான் வைப்பேன். கேட்டுச்சா?"

தலையை லேசாக ஆட்டினான். அப்புறம் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

கம்பெனியிலிருந்தே ஊருக்குச் சொல்லிவிடுகிறோம் என்று ரவிசங்கர் சார் சொன்னார். தெரியாத குரல் சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டாம் என்று நான்தான் நம்பரை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு போன் பூத். வெயில் கண்ணைக் குத்தியது. ரிங் போனதும் எடுத்துவிட்டாள்.

"நாகவள்ளியாம்மா? நான் சோலைமுத்து பேசுறேன். பாண்டியோட சூப்பர்வைசர்."

"சொல்லுங்கண்ணே! ஒங்களப் பத்தி அவுக சொல்லாத நாளில்ல. நல்லாருக்கீகளா?" குரலில் சிரிப்பு இருந்தது. "கிடா வெட்டுக்கு நாள் பாத்தாச்சுண்டு அவுகட்டச் சொல்லிருங்கண்ணே. நேத்துல இருந்து போனே காணோம்."

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எங்கேயும் தடுமாறாமல், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தெரியும். அழப்போகிறாள் என்று போனைக் காதில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை.

"இல்லண்ணே" என்றாள், சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பது மாதிரி. "ஆள மாத்திப் பாத்திருப்பீக. அவுகளுக்குத்தான் மூடிருச்சே. திங்கக்கெழம அவுகளே போன் பண்ணிச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாக."

"அம்மா..."

"ஒரே ஒரு தடவ, நான் சொல்றதக் கேளுங்கண்ணே. அவுகளத் தூக்கிக்கிட்டுப்போயி அந்தச் சிப்பிகிட்ட நிப்பாட்டிப் பாருங்க. மூடும்ணே. நல்லாப் பாருங்க, மூடும்."